சினிமா என்று நாங்கள் கூப்பிட்டவள்

அக்கா தன் வாழ்நாளில் பார்த்த படங்கள் மொத்தம் ஐந்து. அதிலும் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள், மடியில் இருந்த பிள்ளை இருட்டைப் பார்த்துக் கத்தினான் என்று. ஆக நாலரை. இந்த நாலரைப் படம் பார்த்தவளுக்குத்தான் நாங்கள் சினிமா என்று பெயர் வைத்தோம். பதினொரு வருஷம் வாய் கூசாமல் அப்படியே கூப்பிட்டோம். அதை நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. வேலையில் எதிரெதிரே நின்றவள். நாங்கள் வேலை பார்ப்பது பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாவற்றிலிருந்தும் போர்வையும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்தவற்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை இஸ்திரி போட ஒரு நீண்ட இயந்திரம் இருக்கிறது. உள்ளே இரும்பு உருளை, அதற்குள் ஹீட்டர். ஈரப் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து உருளையின் வாய்க்குள் கொடுப்பவள் அக்கா. மறுபக்கம் சுடச்சுட வெளியே வருவதை இழுத்துப் பிடிப்பவள் நான். என் பக்கம் தரையில் மரப்பலகை போட்டிருக்கும். அவள் பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். இரண்டு பேருக்கும் நடுவே உருளை என்பதால் பதினொரு வருஷத்தில் நான் அதிகம் பார்த்தது அவள் முகத்தைத்தான். அவள் முகம் எனக்கு என் கைரேகை மாதிரி.

எங்கள் கூடத்தில் சினிமா என்றால் என்ன அர்த்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பதை நாங்கள் படம் என்போம். "படத்துக்குப் போனேன்", "படம் சுமார்தான்". அதற்கு யாரும் சினிமா என்று சொல்வதில்லை. சினிமா வேறு. ஒருத்தி தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால் அது சினிமா. பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகணும் என்றால் சினிமா. குரலை உயர்த்தி நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் சினிமா வசனம். அழுதால் கேட்கவே வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால், கேட்கிறவனுக்கு வேலை வைக்கிற எந்த உண்மைக்கும் எங்கள் ஊரில் சினிமா என்று பெயர்.

அக்காவுக்கு இந்த வார்த்தை புதிதில்லை. பதினாறு வயதில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்கு அவள் அப்பா சொன்னாராம், "சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கு கழுதை." அதுவரை அவள் பார்த்திருந்தது ஒரே ஒரு படம், அதுவும் அவர் கூட்டிப்போனது. அதே மாப்பிள்ளைக்கே கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் வண்டிகள் பறக்கிற ரோட்டைக் கடக்கும்போது பயந்து அவர் கையைப் பிடித்திருக்கிறாள். "இதென்ன சினிமாவா? விடு" என்று உதறிவிட்டாராம். பிரசவத்தில் கத்தியபோது நர்சம்மா சொன்னதும் அதேதான். "எல்லாரும் பெத்துக்கறதுதான். சினிமா காட்டாம முக்கு." இதையெல்லாம் என்னிடம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எங்களிடம் அவளுக்கு அது பெயராகவே ஆனதற்குக் காரணம் அவள் அப்பா சாகாமல் போனது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் போன் வந்தது, அப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டார், பேச்சு மூச்சில்லை என்று. அக்கா அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார். எங்கள் சூப்பர்வைசருக்கு எதற்கெடுத்தாலும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

"இன்னும் நூத்தம்பது போர்வை கிடக்கு. சினிமா காட்டாம வேலையப் பாரும்மா."

அவள் கேட்கவில்லை, ஓடிவிட்டாள். அன்று சாயங்காலமே அப்பா கண் விழித்து, கால் சுளுக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று, "வாங்க சினிமா, அப்பா என்ன, எழுந்து உட்கார்ந்துட்டாரா?" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த அப்பா செத்திருந்தால் அவளுக்கு இந்தப் பெயர் வந்திருக்காது. அப்பா பிழைத்ததற்கு ஒரு பெண்ணுக்குத் தண்டனை கொடுத்த இடம் எங்கள் இடம்.

இப்போது கரண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் போர்வையைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் "அம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டாள். உருளையின் வாயில் இருக்கிற இரும்புப் பட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றாள். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று முறை கை தட்டினார். "ஓகே! டேக் ஓகே!" என்றார். கூடமே சிரித்தது. மறுநாளும் அவள் கத்தினாள். இந்த முறை தள்ளுவண்டிக்காரரும் சேர்ந்து தட்டினார். ஒரு வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது. அவள் "அம்மா" என்றால் கூடத்தில் இருக்கிற பதினெட்டுப் பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு டப், டப், டப் என்று மூன்று தட்டு தட்டுவோம். பிறகு வேலை. சோப்பு நெடியிலும் புழுக்கத்திலும் காலையிலிருந்து நிற்பவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அப்படித்தான் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். வேறு என்ன சொல்லிக்கொள்வது?

அக்கா விடவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னாள். நாலாவது தடவை கேட்டபிறகு அவர் வந்தார். எப்போது வந்தார்? மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஓடுகிற நேரத்தில் நிறுத்த சூப்பர்வைசர் விடமாட்டார். ஹீட்டரை அணைத்துவிட்டதால் உருளை ஆறிக் கிடந்தது. அதில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. "ஒண்ணுமில்லையே" என்றார். "ஹீட்டர் ஓடும்போது பாருங்கண்ணே, அப்பத்தான் அடிக்குது" என்று அக்கா கெஞ்சினாள். அவர் டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"உங்க பேரைச் சொன்னாங்கம்மா, அப்பவே எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அவள் பட்டியில் கை படாமல் போர்வையை எட்டி நீட்டக் கற்றுக்கொண்டாள். எட்டி நீட்டினால் போர்வை கோணலாகப் போகும், சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். திட்டுக்கும் கரண்டுக்கும் நடுவே நின்று அந்தப் பொம்பளை ஒரு மழைக்காலம் முழுக்க வேலை பார்த்தாள்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் அவள் பாத்ரூம் போனபோது பத்து நிமிஷம் அவள் இடத்தில் நான் நின்றேன். என் செருப்பு பழையது, அடி தேய்ந்தது. மூன்றாவது போர்வை கொடுக்கும்போது விரல் பட்டியில் பட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை யாரோ நரம்பைப் பிடித்துச் சுண்டின மாதிரி இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்தேன்.

"என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல சார். சூடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏற்கனவே ஒரு சினிமா இருக்கிறாள், இரண்டாவது சினிமா என்று எனக்குப் பெயர் வந்துவிடுமே என்கிற பயம். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதும் என்னிடம் இல்லை. அக்கா திரும்பி வந்து, "உனக்கு அடிச்சுதா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அப்போ எனக்குத்தான் ஏதோ கோளாறு போல" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது, இதை எழுதும்போது.

அது நடந்து ஒன்பதாம் நாள். காலை பத்தரை இருக்கும். தள்ளுவண்டியிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் காலடியில் குளமாக நின்றது. அவளுடைய செருப்பின் வார் அறுந்திருந்ததால் வெறுங்காலோடு நின்றாள். அவள் "அம்" என்றாள். அம்மா என்று முழுதாக வரவில்லை. கை பட்டியைப் பிடித்தது, விடவில்லை. உடம்பு உதறியது. பதினெட்டுப் பேரும் தட்டினோம். டப், டப், டப். யாரோ விசில்கூட அடித்தார்கள். சூப்பர்வைசர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

நானும் தட்டினேன். மூன்று தட்டும் தட்டினேன். நாலாவதாகத்தான் அவள் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தபடியே இருந்தது, இமைக்கவில்லை. என் பக்கம் போர்வை வரவில்லை. நான் ஓடிப்போய் வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். உருளை நின்றது. அவள் ஈரத்தில் மடிந்து விழுந்தாள்.

அவளைக் காப்பாற்றினவள் நான்தான் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். கைதட்டி முடித்துவிட்டுக் காப்பாற்றினவள்.

உயிர் பிழைத்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின, உள்ளங்கை தீய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் முதலில் பேசியது, "கைதட்டல் கேட்டுச்சுடி" என்பதுதான். நான் டம்ளரைக் கழுவப்போகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன். யார் யார் தட்டியது என்று அவள் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தபிறகு தினமும் சாயங்காலம் போய்த் தலை வாரிப் பின்னிவிடுவேன். அப்போதும் கேட்கவில்லை.

சலவைக்கூடத்தில் மறுநாளே அவள் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டார்கள். புதியவள் காலடியில் கறுப்பாகப் புத்தம் புது ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. எப்போது வந்தது, யார் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சினிமா.

மூன்று வாரம் கழித்து, தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்த அன்று, சூப்பர்வைசர் ஒரு தாளோடு ஒவ்வொருவரிடமாக வந்தார். அதில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "மேற்படி பெண் ஊழியர் சிறு விஷயத்தையும் பெரிதாக்கிக் காட்டும் சுபாவம் உடையவர். சக ஊழியர்களாலேயே சினிமா என்று அழைக்கப்படுபவர். சம்பவத்தன்று இயந்திரத்தில் பழுது ஏதுமில்லை. அவர் வழக்கம்போல் நடித்துக் காட்டும்போது தவறி விழுந்து, சூடான பகுதியில் கை பட்டுவிட்டது." அதன் கீழே எங்கள் கையெழுத்து. அந்தத் தாள் தேறிவிட்டால் தப்பு அவள் மேல். இனி அந்த வாசலில் அவள் கால் வைக்க முடியாது. அவள் சொன்ன ஒரு வார்த்தையையும் யாரும் எந்தக் காலத்திலும் நம்பப்போவதில்லை.

நாங்கள் சிரிப்புக்கு வைத்த பெயரை எடுத்து அவள் கழுத்தில் கயிறாகப் போடுகிறார்கள். கயிறு திரித்துக் கொடுத்தது நாங்கள்தான்.

என் முறை வந்தபோது, "கை ஈரமா இருக்கு சார், காய்ஞ்சதும் போடறேன்" என்றேன். பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்தபிறகும் போடவில்லை.

ஆய்வாளர் மறுநாள் காலை வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனுஷர். உருளை ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தாளைக் கொடுத்தார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆய்வாளர் பதினேழு கையெழுத்தை எண்ணினார். "ஒண்ணு குறையுதே?" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பேச ஆரம்பித்தேன். மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தேன். வாய் திறந்ததுமே அழுகை முந்திக்கொண்டு வந்தது. அவள் எப்படி உதறினாள் என்று என் உடம்பும் சேர்ந்து காட்டியது. எதிரே நின்ற எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, சினிமா மாதிரி சொல்லாதீங்க. நடந்ததை மட்டும் சுருக்கமா சொல்லுங்க" என்றார் ஆய்வாளர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. நின்ற இடத்தில் வேறு ஒன்று வந்தது. அக்கா நின்ற இடத்துக்குப் போனேன். அங்கே நின்றிருந்தவளை நகரச் சொல்லிவிட்டு, ரப்பர் விரிப்பைப் பிடித்து இழுத்து ஓரமாக எறிந்தேன். அடியில் ஈரம். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரையும் அங்கேயே கவிழ்த்தேன்.

"சார்" என்றேன், சூப்பர்வைசரைப் பார்த்து. "சூவைக் கழட்டுங்க. இங்க வந்து நில்லுங்க. இந்தப் பட்டியில கை வைங்க."

"ஏய், என்ன இது?"

"பழுது இல்லன்னு எழுதியிருக்கீங்க இல்ல? உருளை சூடாத்தான் ஓடுது. அவ நடிச்சான்னுதானே சொல்றீங்க? நீங்க நடிக்க வேணாம். சும்மா தொட்டுட்டு எடுங்க. நாங்க கைகூட தட்டமாட்டோம்."

"இதென்ன சினிமாவா, சார்? பாருங்க இந்தப் பொம்பளைய..." என்று அவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். ஆனால் இரண்டு கையும் தானாகப் பின்னால் போய்விட்டன. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். தண்ணீர் அவர் சூவை நோக்கி ஓடியது. ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கும் அடிச்சுது சார்" என்றேன் ஆய்வாளரிடம். "அவளுக்கு இப்படி ஆகறதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாடியே அடிச்சுது. சூடுன்னு பொய் சொன்னேன். எழுதிக்கோங்க. முதல்ல என் பேரை எழுதிக்கோங்க."

ஆய்வாளர் என் பேரை எழுதிக்கொண்டார். பிறகு, "யாரும் எதையும் தொட வேண்டாம்" என்றார். எலக்ட்ரீஷியனைப் பார்த்து, "ஓடிட்டிருக்கும்போதே டெஸ்டரை வைங்க. பட்டியில பெயின்ட் மேல இல்ல, அதுல இருக்கிற ஆணி மேல" என்றார். ஆணியில் வைத்த டெஸ்டரில் விளக்கு எரிந்தது. ஆய்வாளர் தானே போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த ரப்பர் விரிப்பிடம் வந்தார். "இது என்னைக்கு வாங்கினது?" என்று கேட்டார். சூப்பர்வைசர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். உருளைக்கு சீல் வைத்துவிட்டார்கள், தாள் செல்லாது, கையெழுத்துப் போட்ட ஆறு பேர் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சீப்பை எடுத்து அவள் பின்னால் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ தட்டினியா?" என்றாள்.

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.

"தட்டினேன்கா."

"எனக்குத் தெரியும். எதிர்ல நின்னது நீதானே. கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

"அப்போ இத்தனை நாள் ஏன்கா கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன்." அவள் திரும்பி உட்கார்ந்தாள். "உனக்கும் அடிச்சுது இல்ல? அன்னைக்கு. உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? இல்லன்னு சொன்னே. எனக்குத்தான் கிறுக்குன்னு நான் என்னையே நினைச்சுக்கிட்டேன்டி. என் கையையே நான் நம்பலடி!"

அவள் குரல் உயர்ந்தது. பதினொரு வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. பதினாறு வயதிலிருந்து ஆரம்பித்தாள். அப்பா, மாப்பிள்ளை, ரோடு, நர்சம்மா, எலக்ட்ரீஷியன், நான். இல்லாத இரண்டு விரலால் என்னைச் சுட்டிச் சுட்டிக் கேட்டாள். கண்ணீரும் எச்சிலுமாகக் கத்தினாள்.

பக்கத்து அறையிலிருந்து அவள் புருஷன் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"அக்கம்பக்கம் கேக்குது. என்னடி சினிமா காட்டிட்டு இருக்கே?"

நான் எழுந்தேன். அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து, சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"நீ பேசுக்கா" என்றேன்.